செமி வீட்டின் பின்புறத்தை ஆறு மீட்டர் நீட்டலாமா? இங்கிலாந்தில் எக்ஸ்டென்ஷன் கட்டும் விதிகள்

முற்றம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடமேற்கு லண்டனில், 1930களில் கட்டப்பட்ட செமி டிடாச்ட் (ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டிய) வீடொன்றில் குடும்பமாக வசிக்கிறோம். பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்ட என் மாமியார் இனி எங்களுடன் நிரந்தரமாக இருக்கப் போகிறார். அவரால் மாடிப்படி ஏற இயலாது. ஆகவே பக்கவாட்டிலுள்ள கராஜை அகற்றி, அந்த இடத்தில் அவருக்கு ஒரு படுக்கையறையும் படியில்லாத குளியலறையும் அமைத்து, அதனோடு தொடர்ச்சியாகக் குசினியையும் தோட்டப்பக்கமாகப் பெருப்பிக்க எண்ணியிருக்கிறோம். பின்புறத்தில் முந்தைய உரிமையாளர் இரண்டரை மீட்டர் ஆழத்துக்குக் கட்டிய கொன்சர்வேட்டரி (கண்ணாடி அறை) ஒன்று உள்ளது. அதற்கான ஆவணம் எதுவும் எங்களிடம் இல்லை.

பார்க்க வந்த பில்டர், ஆறு மீட்டர் வரை எந்த அனுமதியும் வேண்டியதில்லை, அடுத்த மாதமே அத்திவாரம் வெட்டலாம் என்று உறுதியாகச் சொல்கிறார். கவுன்சிலின் தளத்தில் மூன்று மீட்டர் என்று எழுதியிருக்கிறது. எதை நம்புவது? இந்த வேலையைச் செய்து முடித்தவர்களும் இத்துறையில் இருப்பவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செங்கல்வரை எழுதியது:

முற்றம் அக்கா, நான் வீட்டு வரைபடங்கள் வரைந்து கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கும் தொழிலில் இருக்கிறேன். மூன்று மீட்டர், ஆறு மீட்டர் என்ற இரண்டு எண்களும் விதியில் உள்ளவைதாம். அவை எந்த நிபந்தனையோடு வருகின்றன என்பதைப் பில்டர் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, பிளானிங் விண்ணப்பம் இல்லாமலே வீட்டு உரிமையாளர் செய்துகொள்ளக்கூடிய வேலைகளை வரையறுக்கிறது. பெர்மிட்டட் டெவலப்மென்ட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதன்படி, ஒட்டிய வீடாக இருந்தால் ஒரு மாடிப் பின்புற எக்ஸ்டென்ஷன் மூன்று மீட்டர் வரை, தனி வீடாக இருந்தால் நான்கு மீட்டர் வரை நீளலாம். ஒட்டிய வீட்டுக்கு ஆறு மீட்டர், தனி வீட்டுக்கு எட்டு மீட்டர் என்பவை 2013இல் தற்காலிகமாக வந்து 2019இல் நிரந்தரமாக்கப்பட்ட கூடுதல் சலுகை. அந்தச் சலுகையைப் பயன்படுத்த வேண்டுமானால் வேலை தொடங்கும் முன்பே கவுன்சிலுக்கு அறிவித்து, முன் ஒப்புதல் என்ற நடைமுறையைக் கடக்க வேண்டும். கவுன்சில் அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் எழுதும். அவர்களுக்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் உண்டு. ஒருவரும் எதிர்க்காவிட்டால் அவர்களுடைய வசதிக்கு ஏற்படும் பாதிப்பைக் கவுன்சில் ஆராய்வதில்லை. ஒருவர் எதிர்த்தாலும் ஆராயும். மொத்தம் 42 நாளுக்குள் முடிவு வர வேண்டும். இதற்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 240 பவுண்டாக இருந்தது. கட்டிவிட்டுப் பின்னால் முன் ஒப்புதல் கேட்க வழியில்லை என்பதால், உங்கள் பில்டர் சொன்னபடி அடுத்த மாதம் தோண்டினால் அந்தச் சலுகையையே இழந்துவிடுவீர்கள்.

அளவை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். 'மூல வீடு' என்றால் முதலில் கட்டப்பட்டபோது இருந்த வீடு. 1948 ஜூலை 1க்கு முன் கட்டப்பட்டிருந்தால் அந்த நாளில் நின்ற வீடு. உங்களுடையது 1930களின் வீடு என்பதால் அந்தத் தேதியே உங்களுக்கு அளவுகோல். கொன்சர்வேட்டரியின் கண்ணாடிச் சுவரிலிருந்து அளக்கக் கூடாது, மூலப் பின்சுவரிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய உரிமையாளர்கள் கட்டியவை எல்லாம் உங்கள் கணக்கில் சேரும். மூல வீட்டைத் தவிர்த்த நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடங்கள் மூடக் கூடாது என்ற வரம்புக்கும் இதே கணக்குத்தான். தோட்டத்துக் கொட்டில்கூட அதில் அடங்கும்.

உயரம்: ஒரு மாடி எக்ஸ்டென்ஷன் நான்கு மீட்டரைத் தாண்டக் கூடாது. எல்லையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் அதன் எந்தப் பகுதி வந்தாலும் இறவாணம் மூன்று மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

இப்போது உங்கள் திட்டத்திலுள்ள உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். பக்கவாட்டில் கட்டுவதற்குத் தனி விதி உண்டு: ஒரு மாடி மட்டுமே, அகலம் மூல வீட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து மூலையைச் சுற்றிக் கட்டும்போது முழுவதையும் ஒரே எக்ஸ்டென்ஷனாகவே கணக்கிடுவார்கள். அதன் மொத்த அகலம் பாதியைத் தாண்டிவிடும். ஆகவே நீங்கள் விவரித்த வடிவத்துக்கு முழுமையான பிளானிங் அனுமதி வேண்டும். இரண்டாகப் பிரித்து, முதலில் பின்புறத்தைக் கட்டி, பிறகு பக்கத்தைக் கொண்டுவந்து ஒட்டலாமா என்று கேட்பார்கள். ஒட்டியதும் பழையதும் புதியதும் சேர்த்தே அளக்கப்படும் என்று விதியில் வெளிப்படையாக உள்ளது.

கட்டியவன் எழுதியது:

செங்கல்வரை சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் சாதாரணக் குடும்பங்களை இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை. நாங்கள் மூன்று மீட்டருக்குள் குசினியை நீட்டினோம். கவுன்சிலுக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை, ஒருவரும் வந்து கேட்கவில்லை. சட்டம் அனுமதிக்கும் வேலைக்கு, அது சட்டப்படியானதுதான் என்று கவுன்சிலிடம் காசு கட்டிச் சான்றிதழ் வாங்கச் சொல்பவர்களும் உண்டு; அது எதற்கு? அந்தப் பணத்தில் நல்ல ஜன்னல் வாங்கலாம்.

ஆவணம் எழுதியது:

கட்டியவன் ஐயாவுக்கு மரியாதையுடன் ஒரு மாற்றுக் கருத்து. சொலிசிட்டர் அலுவலகம் ஒன்றில் வீடு வாங்கல் விற்றல் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு விற்கும் நாளில் 'ஒருவரும் வந்து கேட்கவில்லை' என்பது பதிலாகாது. விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில் என்னென்ன மாற்றங்கள் செய்தீர்கள், ஆவணங்கள் எங்கே என்ற கேள்வி உண்டு. வாங்குபவரின் சொலிசிட்டர் அளவுகளை நேரில் பார்க்க மாட்டார். அவர் கேட்பது காகிதம். பெர்மிட்டட் டெவலப்மென்டுக்குள் அடங்குகிறது என்று கவுன்சிலே எழுத்தில் உறுதிப்படுத்தும் சட்டபூர்வச் சான்றிதழுக்கு, வழக்கமான விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான் செலவு. வீட்டுப் பிளானிங் விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 528 பவுண்டாக இருந்தது. ஆகவே சான்றிதழுக்கு அப்போது 264. வாங்குபவர் மனம் மாறி விலகிப்போவதோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

இன்னொரு மாற்றத்தையும் நம்மவர்கள் பலர் இன்னும் அறியவில்லை. நான்கு வருடம் ஓட்டிவிட்டால் கவுன்சில் எதுவும் செய்ய முடியாது என்ற பேச்சு 2024 ஏப்ரல் 25உடன் இங்கிலாந்தில் முடிந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன் கணிசமாகக் கட்டி முடிக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே பழைய நான்கு வருடக் காலம் பொருந்தும். அதற்குப் பிந்தியவற்றின் மீது பத்து வருடம் வரை நடவடிக்கை எடுக்கலாம். பிளானிங் வேறு, பில்டிங் ரெகுலேஷன் (கட்டட விதிகள்) வேறு. ஆனால் அங்கும் காலம் நீண்டுவிட்டது: விதிக்கு மாறான வேலையைத் திருத்தும்படியோ அகற்றும்படியோ அறிவித்தல் கொடுக்க முன்பு ஒரு வருடமே இருந்தது, 2023 அக்டோபர் முதல் அது பத்து வருடம்.

முற்றம் அவர்களே, கொன்சர்வேட்டரிக்கு ஆவணம் இல்லை என்பதற்காக உடனே கவுன்சிலைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டாம். அதை இடிக்கப் போகிறீர்கள் என்றால் விஷயம் அதோடு போய்விடும். வைத்துக்கொள்வதானால் முதலில் உங்கள் சொலிசிட்டரிடம் பேசுங்கள். ஆவணக் குறைக்காக எடுக்கும் காப்புறுதிகள், கவுன்சிலோடு ஏற்கெனவே தொடர்புகொண்டிருந்தால் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

உத்தரம் எழுதியது:

கட்டமைப்புப் பொறியியலாளர் என்ற முறையில் இதுவரை பேசப்படாத பக்கத்தை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் உயிருக்கு ஆபத்து வருவது இங்கேதான்.

எவ்வளவு பெரிதாக, எங்கே கட்டலாம் என்பதைப் பிளானிங் பார்க்கிறது. கட்டியது நிற்குமா, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியேற முடியுமா, குளிர் தாங்குமா, கழிவுநீர் சரியாகப் போகுமா என்பதையெல்லாம் பில்டிங் கன்ட்ரோல் பார்க்கிறது. பிளானிங் அனுமதி வேண்டாத மூன்று மீட்டர் அறைக்கும் பில்டிங் ரெகுலேஷன் ஒப்புதல் கட்டாயம்.

லண்டன் களிமண் கோடையில் சுருங்கும், மழைக்காலத்தில் உப்பும். அதனால் அத்திவாரம் ஒரு மீட்டர் ஆழமாவது போக வேண்டியிருக்கும். அருகில் பெரிய மரம் நின்றால் அதைவிட மிகவும் ஆழமாகும். அந்த மரம் பக்கத்து வீட்டு வளவில் நின்றாலும் கணக்கு ஒன்றுதான். குழி வெட்டியதும் கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். அவர் வருவதற்குள் ஊற்றிவிட்டால் பின்னர் தோண்டிக் காட்டச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. விலை மதிப்பீட்டில் 'ஒரு மீட்டர் அத்திவாரம்' என்று எழுதியிருக்கிறதா, அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் என்ன விலை என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே பில்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பின்சுவரைத் திறக்கும்போது மேலே நிற்கும் படுக்கையறைச் சுவரின் பாரத்தை ஓர் இரும்பு உத்தரம் தாங்க வேண்டும். அதன் அளவைக் கணக்கிட்டுத்தான் தீர்மானிக்க முடியும். முன்பு வேறொரு வீட்டில் போட்ட அதே அளவை இங்கும் போடுகிறேன் என்று சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

வெப்பக் காப்பு: 2022 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி புதிய சுவருக்கு 0.18, கூரைக்கு 0.15, தரைக்கு 0.18, ஜன்னலுக்கு 1.4 என்ற யு மதிப்புகளை (வெப்பம் வெளியே கசியும் அளவு; குறைந்தால் நல்லது) அடைய வேண்டும். கண்ணாடிப் பரப்பு எக்ஸ்டென்ஷனின் தரைப்பரப்பில் 25 விழுக்காட்டோடு, மூடப்பட்ட பழைய ஜன்னல் கதவுகளின் பரப்பையும் சேர்த்த அளவுக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் வேறிடத்தில் காப்பைக் கூட்டிக் கணக்கில் ஈடுகட்ட வேண்டும். பின்பக்கம் முழுவதும் கண்ணாடிக் கதவும் கூரையில் பெரிய கண்ணாடியும் கேட்பவர்கள் இதை வரைபட நிலையிலேயே கவனிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் நான் மிகவும் அஞ்சுவது நடு அறையை. குசினியைப் பின்னால் தள்ளினால் இப்போது தோட்டத்தைப் பார்க்கும் அறை நடுவில் சிக்கி ஜன்னல் இல்லாமல் போகும். குசினியைக் கடந்துதான் அங்கிருந்து வெளியேற முடியும் என்ற நிலை வந்தால், தீ தொடங்க வாய்ப்புள்ள இடமே தப்பும் வழியாகிவிடும். உங்கள் மாமியாரின் அறைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: அவருடைய அறையிலிருந்து நடைவழிக்கோ வெளியேயோ நேராகச் செல்லக் கதவு இருக்கிறதா? நடமாட்டம் குறைந்தவர் ஜன்னல் வழியாகத் தப்புவார் என்று வரைபடத்தில் எழுதி வைப்பதில் பொருளில்லை.

கழிவுநீர்க் குழாயையும் மறந்துவிட வேண்டாம். பல வீடுகள் பகிரும் குழாய்கள் 2011 அக்டோபர் 1 முதல் பெரும்பாலும் நீர் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாறிவிட்டன. செமி வீடுகளின் பின்புறத்தில் அத்தகைய குழாய் குறுக்கே ஓடுவது வழக்கம். அதன் மேலோ மூன்று மீட்டருக்குள்ளோ கட்டுவதற்கு அந்த நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். தோட்டத்தில் மேன்ஹோல் மூடி இருந்தால் இன்றே படம் எடுத்து வரைபடக்காரரிடம் கொடுங்கள்.

பக்கத்துவீடு எழுதியது:

நான் எக்ஸ்டென்ஷன் கட்டியவள் அல்ல. அதன் பக்கத்தில் வசிப்பவள். எல்லையோரம் எழும்பிய நீண்ட சுவர் எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்த மாலை வெயிலை எடுத்துக்கொண்டது. அவர்கள் விதியை மீறவில்லை. ஆனால் ஒரு சொல் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். கவுன்சிலின் கடிதத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிய வந்தது. ஆறு மீட்டரை நான்கரையாகக் குறைத்தாலோ எல்லையிலிருந்து சற்று உள்ளே தள்ளினாலோ அவர்களுக்கும் குசினி கிடைத்திருக்கும், எங்களுக்கும் வெளிச்சம் இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். முற்றம், விண்ணப்பத்துக்கு முன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கத்து வீட்டாரிடம் போங்கள். அவர்களுடைய ஜன்னல் எங்கே இருக்கிறது என்று உள்ளே நின்று பாருங்கள்.

செங்கல்வரை எழுதியது:

பக்கத்துவீடு அக்கா சொன்னது முற்றிலும் சரி. பிளானிங் அதிகாரிகளும் பக்கத்து வீட்டு ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகைக் கோடு வரைந்து வெளிச்சத்தைச் சோதிப்பது பரவலான வழக்கம். அந்தக் கோட்டை வெட்டாமல் வடிவமைத்தால் விண்ணப்பத்துக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

இதோடு 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் (பொதுச் சுவர்) சட்டமும் வருகிறது. இதற்கும் கவுன்சிலுக்கும் தொடர்பில்லை. இது இரு உரிமையாளர்களுக்கு இடையிலான விஷயம். எல்லைக் கோட்டில் புதுச் சுவர் எழுப்புவதற்கும், பக்கத்துக் கட்டடத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் அதன் அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுவதற்கும் ஒரு மாத அறிவித்தல் வேண்டும். உத்தரத்தின் முனையைப் பொதுச் சுவரில் பதிப்பதானால் இரண்டு மாதம். தோண்டும் அறிவித்தலுக்கும் பொதுச் சுவர் அறிவித்தலுக்கும் 14 நாளில் எழுத்துமூலச் சம்மதம் வராவிட்டால் சட்டம் அதைத் தகராறாகவே கருதும்; சர்வேயர் நியமிக்க வேண்டிவரும், செலவு பெரும்பாலும் கட்டுபவர் தலையில்தான் விழும். வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டுச் சுவர்களிலுள்ள வெடிப்புகளைப் படமெடுத்துப் பதிவு செய்வது இரு தரப்பையும் காக்கும். பக்கத்து வீட்டார் சம்மதிக்காவிட்டால் கட்டவே முடியாது என்ற எண்ணம் தவறு. அந்தச் சட்டம் வேலையைத் தடுப்பதற்காக வந்ததல்ல, முறைப்படுத்துவதற்காக வந்தது.

கிழக்குலண்டன் எழுதியது:

இந்த இழையிலேயே கேட்கலாம் என்று நினைக்கிறேன். எங்களுடையது விக்டோரியக் காலத்து வரிசை வீடு. எக்ஸ்டென்ஷனுக்கு இடமில்லை. தோட்டத்தின் கோடியில் ஓர் அறை கட்டி, அப்பாவை அங்கே தங்கவைக்கலாமா? சாமியறையும் அங்கேயே வைக்க விருப்பம்.

செங்கல்வரை எழுதியது:

சாமியறையும் படிப்பறையும் வைக்கலாம் தம்பி, அப்பாவைக் குடியிருத்த முடியாது. தோட்டத்து அறை வீட்டு வாழ்வுக்குத் துணையான பயன்பாட்டுக்கே அனுமதிக்கப்படுகிறது. உறங்கி, சமைத்து, முழு வாழ்வையும் அங்கே நடத்துவதைத் துணைப் பயன்பாடாக ஏற்பதில்லை. எல்லையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் அது இருந்தால் மொத்த உயரம் இரண்டரை மீட்டர்தான். சாமியறைக்கு வாரந்தோறும் வெளியார் திரண்டு வந்தால் அதுவும் வேறு பயன்பாடாகக் கருதப்படலாம். அப்பாவுக்காக என்றால் வீட்டின் கீழ்த்தளத்து அறை ஒன்றை மாற்றியமைப்பது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் நிம்மதி.

கட்டியவன் எழுதியது:

ஆவணம் எழுதியதைப் படித்தேன். விற்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்பதால் சான்றிதழ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பில்டிங் கன்ட்ரோலை மட்டும் நாங்களும் தவிர்க்கவில்லை. வேலை விதிப்படி முடிந்தது என்று அவர்கள் கொடுக்கும் முடிவுச் சான்றிதழ் கையில் இருக்கிறது. முற்றம் அவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். கொன்சர்வேட்டரியின் தரையையும் பக்கச் சுவரையும் வைத்துக்கொண்டு கூரையை மட்டும் மாற்றினால் மலிவு என்று சில பில்டர்கள் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள்.

உத்தரம் எழுதியது:

அதற்கான காரணத்தைச் சொல்கிறேன். 30 சதுர மீட்டருக்கு உட்பட்ட, நிலமட்டத்திலுள்ள கொன்சர்வேட்டரிக்குப் பில்டிங் ரெகுலேஷனிலிருந்து விலக்கு கிடைப்பது, வீட்டுக்கும் அதற்கும் இடையே வெளிக்கதவுத் தரத்தில் கதவு இருந்து, அதன் வெப்பமூட்டல் தனியாக இருக்கும் வரைதான். நடுக்கதவைக் கழற்றிய அன்றே அந்த விலக்கு போய்விடும். விலக்கோடு கட்டப்பட்டதன் அத்திவாரத்தை ஒருவரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதன் மேல் ஓட்டுக்கூரையின் பாரத்தை ஏற்றுவது ஆபத்து.

ஆவணம் எழுதியது:

முற்றம் அவர்களே, உங்கள் மாமியாரின் நிலையை முன்னிட்டு மூன்று சலுகைகளைக் கேட்டுப் பாருங்கள். அவ்வீட்டில் வாழும் மாற்றுத்திறனாளி ஒருவரின் அணுகல், பாதுகாப்பு, உடல்நலம், வசதி ஆகியவற்றுக்கான மாற்றமாக இருந்தால் வீட்டுப் பிளானிங் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. அவருக்குத் தேவையான குளியலறையை அமைக்கும் வேலைக்கு 20 விழுக்காட்டு வற் வரிக்குப் பதிலாகப் பூச்சிய வரி பொருந்தக்கூடும். குசினியின் பங்குக்கு அது பொருந்தாது, எனவே பில்டர் இரண்டையும் தனித்தனியாக விலையிட வேண்டும். மூன்றாவது, மாற்றுத்திறனாளிகளுக்கான வீட்டு வசதி மானியம். இங்கிலாந்தில் அதன் உச்ச வரம்பு 30,000 பவுண்ட். வயது வந்தவர்களுக்கு வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்தே கொடுப்பார்கள். முதலில் கவுன்சில் மூலம் தொழில்வழிச் சிகிச்சையாளர் வந்து தேவையை மதிப்பிட வேண்டும். ஒப்புதலுக்கு முன் வேலை தொடங்கினால் மானியம் கைவிட்டுப் போகும்.

அடமானம் கொடுத்த வங்கிக்கும் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதுங்கள். காணி உறுதியில் பழைய கட்டுப்பாடுகள் ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 1930களில் மொத்தமாகக் கட்டி விற்கப்பட்ட வீடுகளில் அவை பரவலாக உண்டு. கவுன்சிலின் அனுமதி அவற்றை நீக்காது.

முற்றம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சலுகைகளைப் பற்றி எங்களுக்கு ஒருவருமே சொல்லியிருக்கவில்லை. வீட்டில் கலந்து பேசினோம். பில்டரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். முதலில் மதிப்பீட்டுக்குக் கவுன்சிலின் சமூக சேவைப் பிரிவை அணுகுகிறோம். மூலையைச் சுற்றிய வடிவத்துக்கு முழுப் பிளானிங் விண்ணப்பமே போடுவோம். பின்புறத்தை நான்கு மீட்டராகக் குறைத்து, மாமியாரின் அறைக்கு முன்பக்க நடைவழியிலிருந்து நேர்க்கதவு வைக்கும்படி வரையச் சொல்கிறோம். ஞாயிறன்று பக்கத்து வீட்டாரைப் பார்க்கப் போகிறோம்.

ஒரே ஒரு கேள்வி. பில்டிங் கன்ட்ரோலுக்குக் கவுன்சிலை அமர்த்துவதா, தனியார் நிறுவனத்தையா? பில்டர் தனக்குத் தெரிந்த நிறுவனத்தைத் தானே ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

உத்தரம் எழுதியது:

சட்டப்படி இரண்டும் செல்லும். தனியார் என்றால் 2024 முதல் பதிவு பெற்ற ஒப்புதலாளராக இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். யாரை அமர்த்தினாலும் அமர்த்துபவர் நீங்களாக இருங்கள், பில்டராக இருக்க வேண்டாம். பரிசோதனை அறிக்கைகள் உங்கள் மின்னஞ்சலுக்கே நேரடியாக வர வேண்டும். தனியார் நிறுவனம் நடுவில் தொழிலை விட்டுவிட்டால் வேலை வேறொருவரிடமோ கவுன்சிலிடமோ போகும். புதிதாக வருபவர் ஏற்கெனவே மூடிய இடங்களைத் திறந்து காட்டச் சொல்லலாம். ஆகவே அத்திவாரக் குழி, உத்தரம், கழிவுக்குழாய், காப்புத் தகடு ஆகியவற்றை மூடுவதற்கு முன் அளவுநாடாவோடு படமெடுத்துத் தேதியிட்டு வையுங்கள். பில்டருக்கான கடைசித் தவணையை முடிவுச் சான்றிதழ் உங்கள் கைக்கு வந்த பிறகே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.